கழுவிய விதை

ஐப்பசி மழை ஓய்ந்து பனி இறங்கத் தொடங்கியதும் புறவாசலுக்கு வாலாட்டிக் குருவி வந்துவிட்டது. முத்துசெல்விக்கு அதுதான் குளிர்காலம். காலையில் காப்பித் தம்ளரோடு படியில் உட்கார்ந்து, இன்று யார் யார் வந்திருக்கிறார்கள் என்று பார்ப்பாள். தவிட்டுக்குருவிக் கூட்டம், மணிப்புறா, வேலி தாண்டி வரும் மயில்கள்.

ஒருநாள் மணிப்புறா இரண்டு செத்துக் கிடந்தன. மறுநாள் ஒரு பெட்டை மயில்.

வேலிக்கு அந்தப் பக்கம் தங்கப்பாண்டியன் புஞ்சை. உளுந்து முளையை மயில் கொத்துகிறது என்று அவன் டீக்கடையில் கத்தியது ஊருக்கே தெரியும். விடியும் முன்னே வரப்பில் குனிந்து எதையோ தூவியதை அவளே பார்த்தாள். இப்போது அவள் தலை தெரிந்தாலே திரும்பிக்கொள்கிறான். குற்றமுள்ள நெஞ்சு.

வனத்துறைக்குப் போன் போட்டு அவன் பெயரைச் சொன்னாள். மயிலைக் கொன்றால் ஜெயில்தான். அவனுக்குக் கைப்பிள்ளை இருப்பது போனை வைத்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. இருக்கட்டும்.

அவர்கள் வருமுன் அவனே வேலியோரம் வந்தான்.

"எக்கா, மயிலு செத்துட்டா?"

"தெரியாதவன் மாதிரி கேக்குதியே. வரப்புல என்னத்தடே தூவுன?"

"சலூன்ல வாங்குன முடி. மோந்தா பன்னி வராதுன்னாவ."

"பெறகு என் மூஞ்சியப் பாக்காம ஏன் ஓடுத?"

"நீங்க மொறைக்கிற மொறைப்புக்கு யாரு நிப்பா? வருசாவருசம் கழுகுமலை முருகனுக்கு நடக்குதவன் நான். மயிலுக்கா மருந்து வைப்பேன்?"

"சாமி கும்பிடுதவன்லாம் நல்லவனாடே?"

அவன் வேலியைத் தாண்டி வந்து மயிலின் அலகைப் பிரித்தான். உள்ளே மக்காச்சோளம்.

"எம் புஞ்சையில சோளம் ஏதுக்கா? இது யாரு போட்டது?"

அவள்தான் போட்டாள். விதைத்தது போக மிஞ்சிய சிவப்பு விதை. மருந்து ஏற்றியது என்று தெரியும். சாயம் போகும்வரை அலசி, காயவைத்து, தட்டில் பரப்பினாள். குளிரில் இதுகள் எங்கே போய்ப் பொறுக்கும் என்றுதான்.

"நல்லாக் கழுவித்தானடே போட்டேன்."

"சாயம்லா போவும்? மருந்து போவுமா?"

தெருவில் பைக் நின்றது. காக்கிச் சட்டைக்காரர் புறவாசலுக்கு வந்தார்.

"இங்க தங்கப்பாண்டியன் யாரு?"

அவன் அவரைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தான். இத்தனை நாள் அவள் அவனைப் பார்த்த அதே பார்வை.

"மயிலக் கொன்னது அவன் இல்ல சார்," என்றாள் முத்துசெல்வி. சோளம் கிடந்த தட்டை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.