கூவினால்தான் திறக்கணும்

"அந்த மெஷினோட வாயை நீங்க மூடுறீங்களா, இல்ல நான் மூடட்டுமா?"

மாப்பிள்ளை வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு இப்படிக் கேட்டேன். குரும்பலூரில் பஸ் ஏறியதிலிருந்து அரியலூரில் இறங்குகிறவரைக்கும் அப்பா ஓதிக்கொண்டே வந்தது ஒன்றே ஒன்றுதான். "மலரு, அவங்க வூட்டுல எதையும் வேணும்னு கேக்காத. வேணாம்னும் சொல்லாத. வாயத் தொறந்து ஒண்ணக் கேட்டுட்டா சம்பந்தம் கெட்டுப்போயிடும் தாயி."

மாப்பிள்ளை வீடு பார்க்கப் பெண்ணைக் கூட்டிப்போகிற வழக்கம் எங்கள் பக்கம் கிடையாது. நான் இல்லாமல் பேசி முடித்தால் கல்யாணத்தன்றைக்கும் நான் இருக்க மாட்டேன் என்றேன். கூட்டிவந்துவிட்டார்.

நான் வந்தது ஒரு பதிலுக்காக. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிய முதல் ஆள் நான். பி.எஸ்ஸி. பிசிக்ஸ். இப்போது பி.எட். சேர இடம் கிடைத்திருக்கிறது. கல்யாணத்துக்குப் பிறகு போகலாமா, கூடாதா என்று மாப்பிள்ளை தன் வாயால் சொல்ல வேண்டும். அவர் பெயர் தர்மன், சிமெண்ட் ஆலை ஆபீசில் கிளார்க்.

வந்து உட்கார்ந்த உடனே கேட்டுவிட்டேன். "நான் பி.எட். படிக்கணும். உங்களுக்குச் சம்மதமா?"

"அது வந்து…" என்றார் தர்மன்.

கர்ர்ர்ர்ர்ர் என்று ஒரு சத்தம். பஸ் ஹாரனைப் பன்றி விழுங்கிவிட்டுக் கத்துகிற மாதிரி. வீட்டிலுள்ள அத்தனை பேரும் எழுந்து சத்தம் வந்த பக்கம் ஓடினார்கள்.

அது துணி காயவைக்கிற மெஷின். மூத்த மகன் அரியமுத்து சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். அங்கே யாரோ கழித்துப்போட்டதைக் கப்பலில் ஏற்றி அனுப்பியிருந்தான். வெளியே சித்திரை வெயில். கொடியில் போட்ட துணி திரும்பிப் பார்ப்பதற்குள் அப்பளமாக முறுகுகிற ஊர். அந்த ஊரில் துணி காயவைக்க ஒரு மெஷின், நடுக்கூடத்தில், சாமி படத்துக்குக் கீழே, மூன்று பட்டை விபூதியும் செவ்வந்தி மாலையும் போட்டுக்கொண்டு நின்றது. அது ஓடினால் மேலே ஃபேன் நொண்டியது. எதிர் வீட்டு ரேடியோ முனகியது.

காய்ந்து முடித்ததும் அது கூவும். கூவுவதைக் கேட்பதற்காகவே மாமனாராகப்போகிற அய்யம்பெருமாள் ஒரே துண்டை நனைத்து நனைத்து உள்ளே போட்டுக்கொண்டிருந்தார்.

"கடைத்தெரு வரைக்கும் கேக்குது சம்பந்தி," என்றார் அப்பாவிடம். "டீக்கடைக்காரன் இதக் கேட்டுத்தான் பாலையே எறக்குறான்."

"நல்ல தொண்டைங்க," என்றார் அப்பா.

நான் மறுபடி கேட்டேன். "படிப்புங்கிறது…" என்று ஆரம்பித்தார் தர்மன். கர்ர்ர்ர்ர்ர். மூன்றாவது தடவை கேட்டபோது "என் அபிப்பிராயம்…" வரை வந்தார். கர்ர்ர்ர்ர்ர்.

அப்போதுதான் வாயை மூடச் சொன்னேன். அப்பா என் காலை மிதித்தார். நான் பதிலுக்கு மிதித்தேன்.

"என்னா சம்பந்தி, பொண்ணு மெஷினு மேலயே கைய வைக்குது?" என்றார் அய்யம்பெருமாள்.

"மெஷின் ஓடட்டும் மாமா. சத்தம் மட்டும் வேணாம். ஒரு டெஸ்டர் குடுங்க."

யாரும் அசையவில்லை. சமையலறையிலிருந்து தர்மனின் அம்மா ஆண்டாயி வந்து என் கையில் டெஸ்டரைத் திணித்தார். "சீக்கிரம் பண்ணு தாயி. தூக்கத்துலகூட எனக்கு அதுதான் கூவுது."

பிளக்கைப் பிடுங்கினேன். பின்பக்கத் தகட்டைக் கழற்றினேன். கூவுகிற பஸ்ஸருக்குப் போகிற ஒயரை உருவி டேப் சுற்றித் தகட்டை மாட்டிவிட்டு, பிளக்கைத் திரும்பச் சொருகினேன். அய்யம்பெருமாள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார், பிள்ளைக்கு ஆபரேஷன் நடக்கிற மாதிரி.

அடுத்து மாப்பிள்ளையின் சட்டை. ஈரச் சட்டையை உள்ளே போட்டுச் சுடச்சுட எடுத்து எங்கள் கண் முன்னாலேயே மாட்டிக்காட்டுவது அவர்கள் ஏற்பாடு. அதனால்தான் தர்மன் அவ்வளவு நேரமும் பனியனோடு உட்கார்ந்திருந்தார்.

சட்டை உள்ளே போனது. சுற்றியது. நின்றது.

கூடத்தில் அப்படி ஓர் அமைதி. ஃபேன்கூட ஒழுங்காகச் சுற்ற ஆரம்பித்தது.

"காஞ்சிருச்சு, எடுத்துக்கங்க," என்றேன்.

"கூவலியே," என்றார் அய்யம்பெருமாள்.

"இனிமே கூவாதுங்க."

"கூவினாத்தான் தொறக்கணும்னு அரியமுத்து சொல்லியிருக்கான். முன்னாடியே தொறந்தா கரண்டு வெளிய பாய்ஞ்சிருமாம்."

"நின்னுபோன மெஷின்லேருந்து என்னத்த பாயும்?"

எல்லாரும் மெஷினுக்கு முன்னால் நின்றார்கள். பக்கத்து வீட்டு முத்தாயி வாசலில் தலையை நீட்டி, "என்னாங்க, ரொம்ப நேரமா சத்தத்தையே காணும், மெஷினுக்கு ஏதும் ஆயிப்போச்சா?" என்று துக்கம் கேட்கிற குரலில் விசாரித்துவிட்டு, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே வந்து உட்கார்ந்தாள்.

எனக்கு வேண்டிய அமைதி கிடைத்துவிட்டது. தர்மனைப் பார்த்துக் கேட்டேன். "இப்ப சொல்லுங்க. நான் படிக்கப் போகலாமா?"

அவர் மெஷினைப் பார்த்தார். அது உதவிக்கு வரவில்லை. "முதல்ல சட்டை வரட்டும். அப்புறம் பேசிக்கலாம்," என்றார்.

எழுந்து போய்க் கதவைத் திறந்தேன். முத்தாயி கண்ணை இறுக்கிக்கொண்டாள். எதுவும் பாயவில்லை. சட்டையை எடுத்து உதறி அவர் கையில் கொடுத்தேன்.

"வந்துருச்சு. சொல்லுங்க."

அவர் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு அய்யம்பெருமாளைப் பார்த்தார். "போட்டுக்கலாமாப்பா?"

"கூவாம எடுத்ததுடா. எதுக்கும் அண்ணனுக்கு ட்ரங்க் கால் போட்டுக் கேட்டுருவோம்."

"சரிங்கப்பா," என்றார் தர்மன்.

சட்டை போட்டுக்கொள்ளவே சிங்கப்பூரிலிருந்து உத்தரவு வர வேண்டுமென்றால் என் பி.எட்.டுக்கு எந்த நாட்டுக்குப் போன் போடுவார்கள்?

டெஸ்டரை ஆண்டாயியிடம் திருப்பிக் கொடுத்தேன். "கிளம்புங்கப்பா."

"இன்னும் பேச்சே முடியலியே மலரு," என்றார் அப்பா.

"எனக்கு முடிஞ்சிருச்சு."

"பலகாரம் சாப்பிட்டுட்டாவது…"

"நீங்க சாப்பிட்டுட்டு வாங்க. நான் பஸ் ஸ்டாண்டுல இருக்கேன்."

ஆண்டாயியிடம் மட்டும் சொல்லிக்கொண்டேன். போயிட்டு வரேன் என்று சொல்லவில்லை. போறேன் என்றேன். அவருக்குப் புரிந்தது, தலையை ஆட்டினார். செருப்பை மாட்டிக்கொண்டு வெயிலில் இறங்கி நடந்தேன்.