வெண்ணரம்பு வேரைத் தேடி

பழைய மருத்துவ நூல்கள் வெண்ணரம்பு வேர் என்று சொல்வது எந்தச் செடியை என்று கண்டுபிடிக்க, தாவரவியல் ஆய்வாளர் சியூ வென்லான் மூன்றாம் முறையாகச் சீனாவின் கான்சு மாகாண மலையில் ஏறி வந்திருந்தாள். அந்தப் பெயரில் ஒவ்வொரு ஊரிலும் வெவ்வேறு வேரை விற்றார்கள். வேரின் வெண்மையைப் பார்த்து, இந்தச் சரிவில் முளைக்கும் செடிதான் அது என்று அவள் நம்பியிருந்தாள். பூவையும் பார்த்துவிட்டால் நிரூபித்துவிடலாம். போன வருஷம் ஆலங்கட்டி மழை பூவை உதிர்த்துவிட்டது.

இந்த முறை ஆடுகள். மொட்டைத் தண்டுகள்தான் மிச்சம்.

"ஏன்க்கா, இத மேய விடலாமா? இதுக்காக எத்தன வருஷமா அலையறேன்!" என்று ஆடு மேய்க்கும் மா ஜிங்மேயிடம் கத்தினாள்.

"நல்லா இருக்கே! ஆடு என்ன உங்களக் கேட்டுட்டா திங்கும்? இந்தச் செடின்னா அதுங்களுக்கு உசுரு, டீச்சர். பொழுதுக்கும் இங்கதான் கெடக்கும்."

வென்லான் குனிந்து ஆடு கடித்த தண்டு ஒன்றைப் பார்த்தாள். வெண்ணரம்பு ஆடுமாடு வாய் வைக்காத கசப்புச் செடி என்றுதான் அத்தனை நூல்களும் சொல்லின. அப்படியானால் இது அந்தச் செடியே இல்லை.

"அடுத்த வருஷமும் பூக்கும், டீச்சர்," என்றாள் ஜிங்மே, சமாதானமாக.

"பூத்தா உங்க ஆடே தின்னட்டும்!" என்று மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் விடுவிடுவென்று இறங்கினாள்.