ஏணியை விட்டு இறங்கியவள்

டயாலிசிஸ் வார்டில் ஒரு நோயாளி சத்தம் போட்டால் சிஸ்டர்கள் பதறியடித்துக்கொண்டு ஓடி வருவார்கள். அங்கே நோயாளியாக வரும் பஸ் டிரைவர் சத்தம் போட்டால் மட்டும் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். அவருக்கும் பக்கத்து நாற்காலி டெய்லருக்கும் சண்டை தொடங்கிவிட்டது என்று அர்த்தம், அவ்வளவுதான்.

சண்டை எதற்கு? சொத்துக்கா, சுகத்துக்கா? டிவியில் வரும் ஒரு போட்டிக்காக. கையில் இரண்டு ஊசி, ஊசியிலிருந்து குழாய், குழாய் வழியே உடம்பு ரத்தமெல்லாம் மெஷினுக்குப் போய்த் திரும்பி வந்துகொண்டிருக்கிறது. இந்த லட்சணத்தில் இரண்டு பெரிய மனிதர்கள், 'ஏணி' நிகழ்ச்சியில் இதுவரை ஆடியவர்களிலேயே பெரிய ஆள் யார் என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

சுவரில் உயரமாக மாட்டியிருந்த அந்த டிவியின் ரிமோட் எப்போதோ தொலைந்துவிட்டது. ஒரே சானல்தான் வரும். பழைய நிகழ்ச்சிகளைத் தூசி தட்டிப் போட்டே பிழைக்கிற சானல். அதில் 'ஏணி' தினமும் உண்டு. மேடையில் நிஜமாகவே ஒரு ஏணி நிற்கும். ஒரு கேள்விக்குச் சரியான பதில் சொன்னால் ஒரு படி ஏறலாம். எந்தப் படியிலும் 'போதும்' என்று சொல்லி, அதுவரை ஜெயித்ததோடு இறங்கிவிடலாம். பதில் தப்பானால் எல்லாம் போச்சு; வெறுங்கையோடு நடையைக் கட்ட வேண்டியதுதான்.

டிரைவரின் ஆள் ஒரு தபால்காரர். கடைசிக்கு முந்தைய படியில் நின்றுகொண்டு, வந்த கேள்வியில் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை என்று அவரே ஒப்புக்கொண்டவர். அப்போதும் இறங்கவில்லை. வாய்க்கு வந்த பதிலைச் சொன்னார், தோற்றார், சிரித்துக்கொண்டே கீழே வந்தார். டெய்லரின் ஆள் குடை ரிப்பேர் செய்கிற ஒரு பெண். அதே படியில் நின்று, "போதும், இறங்கிக்கறேன்" என்றாள். நிகழ்ச்சியை நடத்துகிறவர் பதறிப்போய், பதில் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றாள், சொல்லவும் சொன்னாள். சரியான பதில். பிறகு ஏனம்மா இறங்கினாய் என்று கேட்டதற்கு, "கால் வலிக்குதுங்க" என்றாளே பார்க்கலாம்.

பயந்தாங்கொள்ளி என்பார் டிரைவர். அவளுக்கு இருந்த தைரியம் உங்கள் தபால்காரனுக்குச் சாகும் வரைக்கும் வராது என்பார் டெய்லர். இருவருக்குமே பிடித்த முயலுக்கு மூன்றே கால். எதிர் நாற்காலி கேஷியரம்மா மட்டும், ஏணியின் உச்சிக்கே ஏறி ஜெயித்த மூக்குக்கண்ணாடிக்காரர் ஒருவர் இருக்கும்போது, தோற்றவனையும் இறங்கினவளையும் பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்களே என்று நியாயம் கேட்பார். புத்தகத்தை நெட்டுருப் போட்டு வந்தவனெல்லாம் ஒரு ஆளா என்று இருவரும் ஒன்று சேர்ந்து அவர் வாயை அடைப்பார்கள். அந்த ஒரு விஷயத்தில்தான் அவர்களுக்குள் ஒற்றுமை.

டிரைவருக்கு அது வெறும் பொழுதுபோக்காகத்தான் இருந்தது, டெய்லரின் மகள் அவரைத் தனியாகக் கூப்பிடும் வரை.

எடை பார்க்கிற மெஷினுக்குப் பக்கத்தில் வைத்துத்தான் அவள் பேச்சை எடுத்தாள். அப்பா வீட்டில் வேறு ஆளாக இருக்கிறாராம். விரல்கள் விறைத்துப் போனதிலிருந்து ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. அதிலிருந்து தையல் மெஷினைத் துணி போட்டு மூடிவிட்டார். இனி ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன், விட்டுவிடு என்கிறார். கட்டிலைப் பிடித்துக்கொண்டு அழுதும் பார்த்தாளாம், திட்டியும் பார்த்தாளாம்.

"வேற எதுக்கும் அசைய மாட்டேங்கிறார் மாமா. அந்த டிரைவருக்கு ஒரு பதில் சொல்லணும்னு மட்டும்தான் சட்டையை மாட்டிட்டுக் கிளம்புறார். தயவுசெஞ்சு நீங்க ஒத்துக்கவே ஒத்துக்காதீங்க."

டிரைவர் வாழ்நாளெல்லாம் பஸ் ஓட்டியவர். ஆனால் அன்றுவரை இத்தனை பெரிய பொறுப்பை யாரும் இப்படி நேராக அவர் கையில் கொடுத்ததில்லை. சரிம்மா, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார்.

அன்றிலிருந்து அது வேலையாகிவிட்டது. டிரைவர் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார். மெஷின் நிற்கப்போகிறது, ஊசி எடுக்கச் சிஸ்டர் வருகிறாள் என்று தெரிந்ததும், டெய்லருக்குச் சுருக்கென்று தைக்கிற மாதிரி ஒரு கேள்வியை எடுத்து விடுவார். அந்தக் குடைக்காரியை வீட்டில் யாரோ இறங்கச் சொல்லி அனுப்பியிருந்தால்? அவளுக்கு உயரம் என்றால் பயமாக இருந்திருந்தால்? டெய்லர் வாயைத் திறப்பதற்குள் குழாயைக் கழற்றிவிடுவார்கள், கட்டுப் போட்டுவிடுவார்கள், வண்டி வந்துவிடும். பதில் வாயிலேயே நிற்கும். அதைச் சொல்வதற்காகவாவது ஒன்று விட்டு ஒரு நாள் மனிதர் வந்துதானே ஆக வேண்டும்? வந்தார். உட்காரும் முன்பே, "அன்னிக்குக் கேட்டீங்கல்ல..." என்று ஆரம்பித்தபடிதான் வருவார்.

கேள்விக்காக டிரைவர் படாத பாடு பட்டார். சாப்பிடும்போது யோசித்தார், குளிக்கும்போது யோசித்தார். ஆஸ்பத்திரிக்குப் போகிறவர் மாதிரியா இருக்கிறீர்கள், பட்டிமன்றத்துக்குப் போகிறவர் மாதிரியல்லவா கிளம்புகிறீர்கள் என்று வீட்டுக்காரி குத்திக் காட்டினாள். அவளிடம் அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாத இன்னொன்றும் இருந்தது. அந்தக் குடைக்காரியைப் பற்றி இப்படி இரவும் பகலும் யோசித்து யோசித்து, அவள் செய்ததுதான் சரி என்று டிரைவருக்கே தோன்றத் தொடங்கியிருந்தது. தெரிந்தும் இறங்கினாளே! தன்னால் முடியுமா? முடியாது. தபால்காரரை எவனாலும் பின்பற்றிவிட முடியும். குருட்டுத் துணிச்சலுக்கு என்ன பஞ்சம். ஆனால் இதையெல்லாம் வெளியே விட முடியுமா? வாயை இறுக மூடிக்கொண்டார்.

டெய்லரின் உடம்பு நாளுக்கு நாள் தேய்ந்துகொண்டே போனது. முகத்தில் ஒரு சாம்பல் நிறம் ஏறியது. மெஷின் ஓடும்போதே கால் நரம்பு சுருட்டிக்கொண்டு இழுக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு, அப்போதும் குடைக்காரிக்காகத்தான் வாதாடுவார்.

ஒரு நாள் பாதியிலேயே அவருக்கு ரத்த அழுத்தம் இறங்கிவிட்டது. நாற்காலியைப் பின்னால் சாய்த்துக் காலைத் தூக்கி வைத்தார்கள். வாந்தி எடுத்தார். கால் வலியில் அவர் போட்ட சத்தத்தைக் கேட்டுக் கேஷியரம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். எல்லாம் அடங்கிய பிறகு டெய்லர் துவைத்துப் போட்ட துணியாய்க் கிடந்தார். பேச்சு வராது என்றுதான் டிரைவர் நினைத்தார். ஆனால் டெய்லர் தலையை மெல்ல இந்தப் பக்கம் திருப்பினார்.

"டிரைவரே, இன்னிக்குச் சண்டை வேணாம். மனசுல இருக்கறதச் சொல்லுங்க. அவ இறங்கினது சரியா, தப்பா?"

டிரைவர் அந்த முகத்தைப் பார்த்தார். பார்த்திருக்கக் கூடாது. உதடு வெடித்திருந்தது. கண்ணோரம் ஈரம் காயவில்லை. சண்டை போடுவதற்கான எந்தத் தெம்பும் அந்த மனிதரிடம் மிச்சமில்லை. இப்படிக் கிடக்கிறவரிடம் பிடிவாதம் பிடிக்கிறவன் ஒரு மனிதனா என்று அவருக்குத் தன் மேலேயே வெறுப்பு வந்தது.

"சரிதான்," என்றார். "அவதான் பெரிய ஆள். தபால்காரன்லாம் அவ கால் தூசிக்கு வரமாட்டான்."

டெய்லர் கண்ணை மூடிக்கொண்டார். முகம் தெளிந்துவிட்டது. வலி மாத்திரை கொடுக்காத சுகத்தை ஒரு வார்த்தை கொடுத்துவிட்டது பார் என்று டிரைவருக்கே ஒரு நிறைவு. சிஸ்டர் வந்து ஊசியை எடுத்தாள். கட்டுப் போட்டாள். டெய்லரை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். போகும்போது கையைத் தூக்கிக் காட்டினார்; டிரைவரும் காட்டினார்.

வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் உறைத்தது. இன்றைக்குக் கேள்வி எதையும் விடவில்லையே! எழுந்து உட்கார்ந்தார். சே, ஒரு நாளில் என்ன ஆகிவிடும், அடுத்த முறை வந்ததும் பேச்சை மாற்றிக்கொள்ளலாம் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

அடுத்த முறை பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. அதற்கடுத்த முறையும். சிஸ்டர் வீட்டுக்குப் போன் போட்டுப் பேசிவிட்டு வந்து, டெய்லரின் போர்வையை எடுத்துக்கொண்டு போனாள். டிரைவர் கட்டுப் போட்ட கையோடு நேராக டெய்லர் வீட்டுக்குப் போனார்.

ஒரு கடைக்கு மேலே இருந்தது வீடு. படியேறுவதற்குள் மூச்சு வாங்கியது. மகள் கதவைத் திறந்து, உள்ளறையைக் காட்டினாள். டெய்லர் மூன்று தலையணையில் சாய்ந்திருந்தார். கால்கள் உப்பிப் போயிருந்தன. மூச்சு விட்டு விட்டு வந்தது. கையில் ஒரு பெரிய தம்ளர் நிறையத் தண்ணீர். டாக்டர் சொல்லுக்காக இத்தனை காலம் நாக்கை நனைத்துக்கொள்ள மட்டும் தண்ணீர் குடித்த மனிதர், அனுபவித்து அனுபவித்துக் குடித்துக்கொண்டிருந்தார்.

டிரைவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு தொடங்கினார். அன்றைக்குச் சும்மா சொன்னேன் என்றார். வாந்தி எடுத்துக் கிடந்தீர்களே என்று பாவம் பார்த்துச் சொன்னேன் என்றார். அவள் கோழை, ஓடுகாலி, தபால்காரர்தான் ஆண்டவனே இறங்கி வந்தாலும் பெரிய ஆள் என்றார். தெம்பிருந்தால் அடுத்த முறை வார்டுக்கு வந்து பதில் சொல்லுங்கள் பார்க்கலாம் என்று உசுப்பிப் பார்த்தார். வைது பார்த்தார். கடைசியில் கெஞ்சவே கெஞ்சினார். டெய்லர் எல்லாவற்றையும் சிரித்த முகத்தோடு கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தைக்கும் எதிர் வார்த்தை பேசவில்லை. எதிராளி பேசாவிட்டால் எத்தனை நேரம்தான் கத்துவது? டிரைவர் நாற்காலியைக் கட்டிலுக்கு இன்னும் நெருக்கமாக இழுத்துக்கொண்டார்.

"நான் அன்னிக்குச் சொன்னது பொய்," என்றார்.

டெய்லர் தம்ளரைக் கீழே வைத்தார். மூச்சைக் கூட்டிக்கொள்ளக் கொஞ்ச நேரம் ஆனது.

"இல்ல டிரைவரே. அதுக்கு முன்னாடி இத்தனை நாள் சொன்னீங்களே, அதுதான் பொய். எனக்கு அப்பவே தெரியும். என்னையும் எல்லாரும் ஏறு ஏறுன்னாங்க. கால் வலிக்குதுன்னு சொன்னதக் காதுல வாங்கினது நீங்க ஒருத்தர்தான்."

டிரைவர் டெய்லரின் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். விறைத்த விரல்கள். கொஞ்ச நேரத்தில் டெய்லர் தூங்கிப்போனார்.

வெளியே மகள் நின்றிருந்தாள். என்ன சொன்னார், வருகிறேன் என்றாரா என்று அவள் கேட்பாள், அதற்கு ஏதாவது சொல்ல வேண்டுமே என்று டிரைவர் வார்த்தை தேடிக்கொண்டே வந்தார். அவள் அதைக் கேட்கவில்லை.

"நீங்க ஒத்துக்கிட்டீங்களாமே மாமா," என்றாள்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். குரலில் கோபமே இல்லை. அழுது முடித்துப் பல நாள் ஆன குரல். ஆமாம்மா என்று தலையை ஆட்டினார். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல நினைத்தார், தெரிந்துதானே செய்தார்? செருப்பை மாட்டிக்கொண்டு கைப்பிடிக் கம்பியைப் பிடித்தார்.

"நாளைக்கு மறுநாள் உங்களுக்கு முறை இருக்கில்ல?" என்று பின்னாலிருந்து கேட்டாள் அவள். "நீங்க போயிடுவீங்கல்ல?"

டிரைவருக்கு உயிர் மேல் கொள்ளை ஆசை. ஊசி குத்தினாலும் சரி, கால் இழுத்தாலும் சரி, இன்னும் கொஞ்ச காலம் இருந்துவிட்டுப் போக வேண்டும். அது அவருக்கு எப்போதுமே தெரியும். ஆனால் அந்த வாசலில் நின்று, அந்தப் பெண்ணிடம் அதைச் சொல்ல நேர்ந்தபோதுதான் அவருக்கு வெட்கமாக இருந்தது.

"போவேம்மா," என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல்.