மைக் அக்கா

அக்கா என் வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள், குளியலறை வாசலில் துண்டோடு நின்று, "குளிச்சுக்கவா?" என்று கேட்டாள். விளையாடுகிறாள் என்று நினைத்து, "நாளைக்கு வா, பார்க்கலாம்" என்றேன். சரியென்று தலையாட்டிவிட்டுத் திரும்பிப் போனாள். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த நான் கத்தியைப் போட்டுவிட்டு அவள் பின்னால் ஓடினேன்.

கல்யாணத்துக்கு முன்னால் அவள் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, எந்த வண்டி எந்த நடைமேடையில் என்று மைக்கில் சொல்வாள். ஊரில் பாதிப் பேருக்கு அவள் முகம் தெரியாது, குரல் தெரியும். எல்லோருக்கும் அவள் மைக் அக்கா. பள்ளி விட்டு நான் போய் நின்றால், "சிவப்புப் பை வைத்திருக்கும் மாணவி அசடு வழியாமல் உள்ளே வரவும்" என்று அதே அரசாங்கக் குரலில் அறிவிப்பாள். நிலையமே திரும்பிப் பார்க்கும். வெட்கம் பிடுங்கித் தின்னும். மறுநாளும் அதற்காகவே போய் நிற்பேன். வீட்டிலும் அப்படித்தான். அப்பா குளிக்க நேரமானால், "எட்டு மணி வண்டி காலதாமதமாகப் புறப்படும்" என்பாள். அப்பா உள்ளே சிரிப்பது தண்ணீர்ச் சத்தத்தையும் மீறிக் கேட்கும்.

"ஊருக்கே கேக்குற குரல் குடும்பத்துக்கு எதுக்கு?" என்று கல்யாணமான ஆறே மாதத்தில் வேலையை விடவைத்தான் அவள் புருஷன். அவனை நான் இப்போது மாமா என்று சொல்வதில்லை. ஒருமுறை அம்மா வீட்டுக்கு வந்தபோது அவள் கன்னம் வீங்கியிருந்தது. "கதவுல இடிச்சுக்கிட்டேன்" என்றாள். கதவுக்கு ஐந்து விரல் கிடையாது என்று எனக்குத் தெரியும். அம்மாவுக்கும் தெரியும். "கொஞ்சம் அனுசரிச்சுப் போடி" என்று சொல்லி அம்மா அவளை வண்டியேற்றிவிட்டாள். பையை நான்தான் தூக்கிக்கொண்டு போனேன்.

ஒன்பது வருஷம் கழித்து, பையே இல்லாமல், என் வாடகை வீட்டுக்கு வந்தாள்.

மனநல டாக்டரிடம் கூட்டிப்போனேன். "தூக்கம் எப்படிம்மா?" என்று கேட்டார் அந்த அம்மாள். அக்கா என் முகத்தைப் பார்த்தாள். பிறகு, "அவருக்குக் கோபம் வர்ற மாதிரி நான்தான் ஏதாவது பண்ணிருவேன் டாக்டர்" என்றாள். டாக்டர் மாத்திரை எழுதிவிட்டு என்னிடம் சொன்னார்: "ஒரே நாள்ல வந்ததில்ல இது. அவங்களை அவசரப்படுத்தாதீங்க."

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் புருஷன் வாசலில் வந்து நின்றான். "அவளைக் கூப்பிடு. விளையாட்டு போதும்."

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா என் முதுகுக்குப் பின்னால் வந்துவிட்டாள். என் சட்டையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"நான் வரல."

"என்னது?"

"வரல."

கதவைச் சாத்தித் தாழிட்டேன். இரண்டு முறை உதைத்தான். எதிர் வீட்டு மெக்கானிக் வெளியே வந்து, "யார் சார் நீங்க?" என்று கேட்ட பிறகுதான் படியிறங்கினான்.

"நான் தப்பாப் பேசிட்டேனாடி?" என்று அக்கா கேட்டுக்கொண்டே இருந்தாள். ஒவ்வொரு முறையும் இல்லை என்றேன். "திரும்ப வருவாரா?" என்றாள். போய்த் தாழ்ப்பாளை இன்னொரு முறை இழுத்துப் பார்த்தேன்.

"அன்னிக்கு உன் பையை நான் தூக்கியிருக்கக் கூடாதுக்கா."

"சின்னப் பிள்ளைடி நீ அப்போ" என்றாள்.

மதியம் தரையில் படுத்தவள், பேச்சுக்கு நடுவிலேயே தூங்கிப்போனாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. ஒரு கால் என் மடிமேல் கனத்துக் கிடந்தது. வெளியே தூறல் தொடங்கி, கொடியில் காய்ந்திருந்த துணிகள் ஒவ்வொன்றாக நிறம் மாறிக்கொண்டிருந்தன. என் தொடை மரத்துவிட்டது. நான் எழுந்திருக்கவில்லை.