மொழி: சொரானி

செவ்வாய் மாலை வகுப்புக்குக் கொண்டுபோகும் கொப்பியின் முதல் பக்கத்தில் தர்மிகா நடுவே ஒரு கோடு கிழித்திருந்தாள். இடப்பக்கம் குர்மாஞ்சி: துருக்கி, லத்தீன் எழுத்து. வலப்பக்கம் சொரானி: ஈராக், அரபு எழுத்து. குர்திஷ் மொழியின் இரண்டு கிளைகள் பற்றி, அதைக் கற்பித்த துருக்கி நாட்டுப் பெண் முதல் நாள் சொன்னதன் சுருக்கம் அது. ஒவ்வொரு நாளும் திகதியிட்டு, விளங்கியதையும் விளங்காததையும் எழுதுவாள். விளங்காததன் பட்டியல்தான் எப்போதும் நீளம்.

அந்தக் கோட்டை மட்டும் அவள் சந்தேகிக்கவில்லை.

மனோர் பார்க்கில் யோகலிங்கம் நடத்தும் அகதி வழக்கு அலுவலகத்தில் அவளுக்கு வேலை. மார்ச்சில் ஈராக்கின் டுஹோக்கிலிருந்து வந்த ஷெர்வான், தனக்கு நடந்ததை அரபு எழுத்தில் நான்கு தாள் எழுதிக் கொடுத்தான். ஈராக்; அரபு எழுத்து. குடிவரவு அதிகாரிகளின் நேர்காணலுக்கு மொழிபெயர்ப்பாளர் கேட்கும் படிவத்தில் மொழி என்ற இடத்தில் 'சொரானி' என்று போட்டாள். அவனைக் கேட்கவில்லை. 'எழுத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டேன்' என்று அன்று கொப்பியில் எழுதினாள்.

ஜூனில் நிராகரிப்புக் கடிதம் வந்தது. பதில்கள் ஓரிரு சொற்களில் இருந்தன, விவரமில்லை, நம்ப முடியவில்லை. மேன்முறையீட்டுக்குப் பதினான்கு நாள். அன்று மாலை வகுப்பில் டுஹோக் என்றதுமே ஆசிரியை சொல்லிவிட்டாள்: அங்கே பேசுவது பஹ்தினி, அதுவும் குர்மாஞ்சிதான். எழுதுவது மட்டும் அரபு எழுத்தில். சொரானி அங்குள்ள பலருக்குச் சரியாக விளங்காது.

மறுநாள் காலை யோகலிங்கத்தின் மேசையில் கொப்பியை விரித்து வைத்தாள்.

"அண்ணை, பிழை என்ர. அவருக்கு சொரானி ஆளைக் கேட்டது நான்தான்."

"விளங்குதோ எண்டு அங்க கேட்டிருப்பினமே. ஓம் எண்டுதானே சொல்லியிருக்கிறான்?"

"இல்லை எண்டால் இன்னும் ஒரு வருசம் இழுபடும் எண்ட பயம், அண்ணை."

யோகலிங்கம் கண்ணாடியைக் கழற்றினார். "என்ர நேர்காணலுக்கு மொழிபெயர்க்க வந்தவர் மதுரை ஆள், பிள்ளை. பாதி விளங்கேல்லை. நானும் தலையாட்டினனான்."

"உங்களுக்கு விசா கிடைச்சுது."

அவர் கொப்பியை அவள் பக்கம் தள்ளினார். "நாங்களே பிழை விட்டனாங்கள் எண்டு எழுதிக் குடுத்தா, பிறகு ஆர் இந்தக் கதவைத் தட்டுவினம்?"

"கொப்பியில திகதியோட கிடக்கு, அண்ணை. இதைவிட வேற சாட்சி அவருக்கு இல்லை."

"அப்ப எழுது. எழுதி ஒப்பம் வைச்சிட்டு ஒஃபிஸ் சாவியையும் வைச்சிட்டுப் போ."

மத்தியானம் ஷெர்வானை அலுவலகத்துக்கு அழைத்தார்கள். தொலைபேசியில் பஹ்தினி பேசும் மொழிபெயர்ப்பாளர். முதல் கேள்விக்கே ஷெர்வான் நாற்பது நிமிடம் நிறுத்தாமல் பேசினான். தம்பியை எந்த மரத்தடியில் கண்டெடுத்தார்கள், அன்று அவன் போட்டிருந்த சட்டை எது, யார் முதலில் அழுதது. நேர்காணலில் இதற்கு அவன் சொன்ன பதில் 'செத்துப்போனான்' என்பது மட்டும். தர்மிகா எழுதிக்கொண்டே போனாள், கை வலித்தது.

முடிவில் ஷெர்வான் ஒன்று கேட்டான். மொழிபெயர்ப்பாளர் சற்றுத் தயங்கினார்.

"சொரானி என்று போட்டது யார் என்கிறார்."

"நான்," என்றாள் தர்மிகா.

ஷெர்வான் அவளையே பார்த்தபடி மெதுவாக ஏதோ சொன்னான். அவளுக்கு அரைவாசி விளங்கியது. மீதியைத் தொலைபேசி சொன்னது.

"உங்களுக்கு எதிரேதானே உட்கார்ந்திருந்தேன் என்கிறார்."

மொழியைக் கேட்காமல் போட்டது தான்தான் என்று அவள் எழுதி முடித்தாள். வாக்குமூலத்தின் கீழே ஒப்பம் வைத்தாள். கொப்பியிலிருந்து மார்ச் மாதப் பக்கத்தைக் கிழித்து அதோடு பின் அடித்தாள். சாவியை மேசையில் வைத்தாள்.