ஃபெலிசா பக்கத்து முள்

மெக்கானிக் இலாரியோன் காரின் டாஷ்போர்டைக் கழற்றித் தரையில் வைத்தபோது செவேரோ முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"காருக்கு வலிக்காதுண்ணே," என்றான் இலாரியோன். "உங்களுக்குத்தான் வலிக்கிற மாதிரி இருக்கு."

"நீ வேலையைப் பாரு."

"வேலையைத்தான் பாக்கிறேன். இத்தனை வருஷம் மீட்டரைப் பக்கத்து சீட்டுல வச்சுக்கிட்டு எப்படி ஓட்டினீங்க?"

செவேரோ வெளியே பார்த்தார். மகள் நோயெமி வாசலில் நின்றிருந்தாள். எல் ஆல்டோ நகரத்தின் மலைக்காற்று அவள் தலைமுடியைக் கலைத்துக்கொண்டிருந்தது.

அது ஒரு வெள்ளை டொயோட்டா கால்டினா. ஜப்பானில் ஓடிப் பழசாகி, கப்பலில் சிலியின் இகிகே துறைமுகத்துக்கு வந்து, மலையேறி இங்கே வந்தது. ஜப்பானில் ஸ்டியரிங் வலப்பக்கம். பொலிவியாவில் இடப்பக்கம். அன்றைக்கு மாற்றிக்கொடுத்தவன் ஸ்டியரிங்கையும் பெடல்களையும் மட்டும் இடப்பக்கம் கொண்டுவந்தான். மீட்டர் பெட்டி இந்தப் பக்கம் பொருந்தாது என்று கைவிரித்துவிட்டான். அதனால் வேகம், பெட்ரோல், எஞ்சின் சூடு எல்லாம் வலப்பக்கமே தங்கிவிட்டன. ஓட்டுகிறவருக்குத் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குத்தான் தெரியும்.

பக்கத்தில் மனைவி ஃபெலிசா உட்காருவாள். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்வாள். மெல்லுகிற கோகா இலைப் பையைத் தொப்பிக்குள் வைப்பாள். பின்னால் அவளுடைய உருளைக்கிழங்கு மூட்டைகள்.

"எவ்வளவு?" என்று செவேரோ கேட்பார்.

"எண்பது. மெதுவா போ, கிழவா. கிழங்கு உருளுது."

அவர் காலைத் தளர்த்துவார்.

"பெட்ரோல்?"

"சொட்டுதான் இருக்கு. முதல்ல போய் போடு."

எல்லாரும் அவர்களைத் தாண்டிப் போவார்கள். மினிபஸ்கள் போகும். ஒருமுறை ஆடுகள் ஏற்றிய லாரி ஒன்று தாண்டிப் போனது. ஆடுகள் திரும்பிப் பார்த்தன. ஃபெலிசா தலையை ஆட்டினாள். "பைத்தியக்காரங்க. நூத்தி முப்பதுல போறாங்க."

செவேரோ குழாய் வேலை செய்பவர். கணக்குப் பார்த்து நேரத்தையும் தூரத்தையும் வகுக்கிற ஆள் இல்லை. எஞ்சின் எந்தச் சத்தத்தில் பாடினால் எண்பது, எந்தச் சத்தத்தில் நூறு என்று காதுக்குத் தெரிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கால்பந்து மைதானத்தில் நண்பர்களிடம் பெருமை பேசுவார். "சமவெளி ரோட்டுல நூறுக்குக் குறைஞ்சு நான் போனதில்லை." ஃபெலிசா பக்கத்தில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருப்பாள். ஒன்றும் சொல்லமாட்டாள்.

போன குளிர்காலத்தில் அவள் இறந்துபோனாள்.

படகமாயாவில் அவளுடைய தங்கை வீட்டுக்குப் போயிருந்தார்கள். சாப்பிட்டு எழுந்தவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். செவேரோ அவளைக் காரில் ஏற்றி எல் ஆல்டோவில் உள்ள ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார். நேர் ரோடு. இரண்டு பக்கமும் காய்ந்த புல். டாக்டர் வெளியே வந்து கையுறையைக் கழற்றினார். கொஞ்சம் முன்னாடி கொண்டுவந்திருந்தால் ஏதாவது செய்திருக்கலாம் என்றார். டாக்டர்கள் எல்லாரும் சொல்கிற வார்த்தைதான். ஆனால் செவேரோவின் மனதை விட்டு அது போகவில்லை. துக்கம் கேட்க வந்த ஒவ்வொருவரிடமும் சொன்னார். "நூத்திப் பத்துல வந்தேன். அதுக்கு மேல அந்தக் கார் போகாது. என்னால முடிஞ்சது அவ்வளவுதான்." வந்தவர்கள் தலையாட்டினார்கள். அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் அவர் நாட்களைக் கடத்தினார்.

அன்றைக்கு நோயெமி கோச்சபம்பாவில் இருந்தாள். பேருந்து பிடித்து வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. இப்போது வேலையை மாற்றிக்கொண்டு அப்பாவோடு வந்து இருக்கிறாள்.

தனியாக ஓட்ட ஆரம்பித்ததும் செவேரோ தடுமாறினார். பெட்ரோல் தீர்ந்து ஏற்றத்தின் நடுவில் நின்றார். பின்னால் ஊரே ஹாரன் அடித்தது. இன்னொரு நாள் எஞ்சின் கொதித்துப் புகை வந்தது.

"மீட்டரை இந்தப் பக்கம் மாத்துங்க," என்றாள் நோயெமி. "இல்லன்னா வித்துடுங்க. உங்களையும் தூக்கிக் குழியில வைக்க என்னால முடியாது."

விற்க அவருக்கு மனம் வரவில்லை. அவள் கடைசியாக உட்கார்ந்த கார். மாற்றவும் மனம் வரவில்லை. அந்த மீட்டர் அங்கே இருக்கும்வரை அந்த சீட்டில் செய்வதற்கு அவளுக்கு ஒரு வேலை இருந்தது. கடைசியில் விற்பதைவிட இது மேல் என்று இலாரியோனிடம் கொண்டுவந்தார்.

"முடிஞ்சுதுண்ணே. ஸ்டார்ட் பண்ணுங்க."

செவேரோ சாவியைத் திருப்பினார். முட்கள் அவருக்கு முன்னால் எழுந்து நின்றன. கார் உறுமியது. வேறு சத்தம் வரவில்லை.

"அது எங்க?" என்றார்.

"எது?"

"பேசுமே. சாவி போட்டா ஒரு பொம்பளை பேசுமே, ஜப்பான் பாஷையில."

"ஓ, அதுவா. அந்த வயரை எடுத்துட்டேன். சும்மா பேட்டரியைத் தின்னுக்கிட்டு இருந்தது. உங்களுக்கு என்ன, ஜப்பான் பாஷை தெரியுமா?"

"என் பொண்டாட்டிக்குத் தெரியும்."

நோயெமி சிரித்துவிட்டாள். அம்மா அந்தக் குரலுக்கு ஒவ்வொரு நாளும் பதில் சொல்வாள். நல்லா இருக்கேன்டி தங்கச்சி, நீ சாப்பிட்டியா, இந்தக் கிழவன் இன்னைக்கும் குளிக்கலை. சிரித்தவள் அப்பாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

கார்னிவல் செவ்வாய் வந்தது. வீடு, கடை, கார் எல்லாவற்றுக்கும் பீர் ஊற்றி வாழ்த்துகிற சால்யா சடங்கு செய்யும் நாள். நோயெமி காரைக் கழுவி, மேலே வண்ணக் காகித நாடாக்களைச் சுற்றினாள். கண்ணாடியில் மஞ்சள் பூ செருகினாள். செவேரோ பீர் பாட்டிலைத் திறந்தார். முதல் துளி மண்ணுக்கு, பூமித்தாய் பாச்சாமாமாவுக்கு. பிறகு நான்கு சக்கரத்துக்கும். பிறகு எஞ்சினுக்கு.

மற்ற வீடுகளில் அதோடு முடிந்துவிடும். இந்த வீட்டில் ஃபெலிசா வைத்த வழக்கம் ஒன்று இருந்தது. முன்பு இருந்து போன கார்களுக்கும் ஊற்றவேண்டும். கூப்பிடாமல் விட்டால் கோபித்துக்கொள்ளும், நம்மைச் சுமந்தவை என்பாள்.

"பேட்டாவுக்கு," என்று செவேரோ ஊற்றினார்.

பேட்டா என்றால் ஆமை. வான நீல ஃபோக்ஸ்வாகன் பீட்டில். கல்யாணத்துக்குப் பிறகு வாங்கியது. அதில் பெட்ரோல் முள்ளே கிடையாது. ஃபெலிசா ஒரு குச்சியைத் தொட்டிக்குள் விட்டு, வெளியே எடுத்து, முகர்ந்து பார்த்து அளவு சொல்வாள். ஹீட்டரைப் போட்டால் வலது கால் வெந்துபோகும், இடது கால் விறைக்கும். பிறந்து ஒரு நாளான நோயெமியை அதில்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். ஏற்றத்தில் மூச்சு வாங்கி நின்றுபோனது. ஃபெலிசா பிள்ளையை அவர் கையில் கொடுத்துவிட்டு, பிரசவித்த உடம்போடு இறங்கித் தள்ளப் போனாள். சத்தம் போட்டு உட்காரவைத்தார்.

"பிரசீலியாவுக்கு."

கடுகு நிறக் கார். பிரேசிலில் செய்தது. பின் சீட்டின் கீழ் தரை துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தது. நோயெமி அந்த ஓட்டை வழியாக ரோடு ஓடுவதைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தாள்.

"என் பொம்மையோட ஒரு செருப்பு அதுல விழுந்துருச்சு," என்றாள் நோயெமி. "நிறுத்துங்கன்னு அழுதேன். நீங்க நிறுத்தலை."

"அம்மாதான் நிறுத்தச் சொல்லலை. இன்னொரு செருப்பையும் போட்டுடு, எடுக்கிறவங்களுக்கு ஜோடியாக் கிடைக்கும்னா."

இருவரும் சிரித்தார்கள். செவேரோ கால்டினாவின் வலது கதவைத் திறந்தார். மீட்டர் இருந்த இடத்தில் இலாரியோன் ஒரு கறுப்புப் பலகையை வைத்து மூடியிருந்தான். சீட்டுக்குக் கீழே தரையில் கொஞ்சம் ஊற்றினார். யார் பேரையும் சொல்லவில்லை.

பிறகு படகமாயாவுக்குக் கிளம்பினார்கள். ஃபெலிசாவின் தங்கை சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தாள். சமவெளி மழைக்குப் பிறகு பச்சையாக இருந்தது. எதிரே வந்த எல்லாக் கார்களிலும் பூ.

செவேரோ எஞ்சினைக் காதால் கேட்டு ஓட்டினார். பழைய பழக்கம். எண்பதின் சத்தம் வந்ததும் காலை அப்படியே வைத்தார். பிறகுதான் முன்னால் மீட்டர் இருப்பது நினைவு வந்து பார்த்தார்.

முள் ஐம்பதில் நின்றது.

"இலாரியோன் தப்பா மாட்டியிருக்கான்," என்றார். "எண்பதுல போறேன். ஐம்பது காட்டுது."

நோயெமி எட்டிப் பார்த்தாள். வெளியே வெள்ளைக் கிலோமீட்டர் கல் ஒன்று போயிற்று. அடுத்த கல் வரும்வரை கைப்பேசியில் நேரம் பார்த்தாள். பிறகு உதட்டைக் கடித்துக்கொண்டு சிரித்தாள்.

"சரியாத்தான் காட்டுது."

"எப்படி? எனக்குத் தெரியாதா எண்பது எப்படி இருக்கும்னு?"

"தெரியாதுப்பா. உங்களுக்கு எப்பவுமே தெரியாது."

"என்ன சொல்றே?"

"சொல்லலாமா, வேணாமான்னு இருந்தேன். அம்மா இருந்தா என்னைக் கிள்ளுவாங்க." அவள் அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். "நான் பின்னாடி நடுவுல உட்காருவேன் இல்ல? அங்கிருந்து மீட்டர் நல்லாத் தெரியும். நீங்க எவ்வளவுன்னு கேப்பீங்க. முள் ஐம்பதுல இருக்கும். அம்மா எண்பதுன்னு சொல்லிட்டு என்னைப் பாத்துக் கண்ணடிப்பாங்க. அறுபத்தஞ்சு ஆனா நூறு. பெட்ரோல் பாதி இருந்தா சொட்டுதான் இருக்கும்பாங்க. வருஷக்கணக்கா, அப்பா. நீங்க மைதானத்துல போய் நூறு நூறுன்னு அளப்பீங்க. எனக்குச் சிரிப்பை அடக்க முடியாது. அம்மா பட்டாணி உரிச்சுக்கிட்டு ஒண்ணும் தெரியாத மாதிரி இருப்பாங்க."

செவேரோ சிரித்தார். உண்மையாகவே சிரிப்பு வந்தது. ஆடு லாரி நினைவு வந்தது. ஆடுகள் ஏன் அப்படிப் பார்த்தன என்று இப்போது புரிந்தது.

"கள்ளி," என்றார்.

அடுத்த நொடி அந்தச் சிரிப்பு வாயிலேயே நின்றது.

இதே ரோடு. எதிர்த் திசை. ஃபெலிசா கதவில் சாய்ந்திருந்தாள், முகம் சாம்பல் நிறம். எஞ்சின் அலறுவதுபோல் அவருக்குக் கேட்டது. எவ்வளவு என்று கேட்டார். அவள் தலையைத் திருப்பி மீட்டரைப் பார்த்தாள். நூத்திப் பத்து, மெதுவா போ கிழவா, நீயும் சாகணுமா என்றாள். அவர் காலைத் தளர்த்தினார். அதன் பிறகு சத்தம் இறங்கியது. ஆஸ்பத்திரி வரும்வரை அந்தச் சத்தத்திலேயே வந்தார்.

அந்தச் சத்தம் அவர் காதில் இன்னும் இருந்தது. மெல்ல ஆக்சிலரேட்டரை அழுத்தினார். எஞ்சின் குரல் உயர்ந்தது. அன்றைய சத்தம் வந்ததும் முள்ளைப் பார்த்தார்.

அறுபது.

ரோடு முன்னால் நேராகக் காலியாகக் கிடந்தது. அன்றைக்கும் காலியாகத்தான் கிடந்தது. கார் இன்னும் எவ்வளவோ வேகமாகப் போயிருக்கும். பழக்கத்தில் சொன்னாளா, பயந்து சொன்னாளா, இனிக் கேட்க முடியாது.

காலை எடுத்தார். முள் ஐம்பதுக்கு இறங்கியது.

நோயெமி இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாக அவள் சிரிப்பும் குறைந்தது. கறுப்புப் பலகையைப் பார்த்தாள். அதை விரலால் தொட்டாள்.

"அப்பா."

"ம்."

"அன்னைக்கு... அம்மாவைக் கூட்டிட்டு வந்தீங்களே. நூத்திப் பத்துன்னு சொன்னீங்க எல்லார்கிட்டயும்." அவள் குரல் இறங்கியது. "அன்னைக்கும் அம்மாதான் மீட்டர் பாத்துச் சொன்னாங்களா?"

அவளுக்கு இது தெரிந்தால் என்ன ஆகும் என்று அவருக்கு உடனே புரிந்தது. பின் சீட்டில் உட்கார்ந்து கூடவே கண்ணடித்த பிள்ளை. ஒரு தடவைகூட அப்பாவிடம் சொல்லாத பிள்ளை.

"இல்லை," என்றார். "அன்னைக்கு அவ கண்ணை மூடிட்டா. பேசவே இல்லை. நானே எட்டிப் பாத்தேன்."

"நீங்களேவா?"

"நானேதான். சாஞ்சு எட்டிப் பாத்தேன். ரோட்டுல போறவன் திட்டினான். நூத்திப் பத்து. அதுக்கு மேல போகலை."

நோயெமி அவரையே பார்த்தாள். அவர் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

"நிச்சயமா?"

"என் கண்ணால பாத்ததும்மா."

அவள் மூச்சு விட்டாள். தலையைப் பின்னால் சாய்த்தாள். கூரையில் ஒரு காகித நாடா அவிழ்ந்து, காற்றில் படபடவென்று அடித்தது.

பின்னால் ஒரு மினிபஸ் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. முன்கண்ணாடி முழுக்கப் பூ. உள்ளே யாரோ பாடிக்கொண்டிருந்தார்கள். சர்ரென்று தாண்டிப் போனது. அதிலிருந்து சில இதழ்கள் கால்டினாவின் கண்ணாடியில் வந்து ஒட்டிக்கொண்டன.

"பைத்தியக்காரங்க," என்றாள் நோயெமி. "எவ்வளவுலப்பா போறாங்க?"

செவேரோ தன் முன்னால் இருந்த முள்ளைப் பார்த்தார்.

"நூத்தி முப்பது," என்றார்.