கொடுத்தது போக

"தொட்டீங்கன்னா நல்லா இருக்காது, சொல்லிட்டேன்."

மகள் கட்டிலை மறைத்துக்கொண்டு நின்றாள். ஸ்ட்ரெச்சரின் ஒரு முனையைப் பிடித்திருந்த உதவியாளர், மறுமுனையைப் பிடித்திருந்த ஓட்டுநரைப் பார்த்தார். இருவரும் மருத்துவக் கல்லூரியிலிருந்து வந்தவர்கள். இப்படி எத்தனையோ வீடுகளைப் பார்த்திருப்பார்கள் போல. குரலை உயர்த்தாமல் ஸ்ட்ரெச்சரைச் சுவரோரம் சாய்த்து வைத்தார்கள்.

"வீட்டு ஆளுங்க சரின்னு சொல்லாம நாங்க கை வைக்க மாட்டோம்மா. பேசி முடிவு பண்ணுங்க. ஆனா ரொம்ப நேரம் காத்திருக்க முடியாது."

கட்டிலில் அம்மா கழுத்துவரை போர்த்திக் கிடந்தாள். உடம்புக்கு முடியாமல் படுத்திருந்தவளுக்கு விடிவதற்குள் மூச்சு அடங்கியிருந்தது. தன் உடம்பைக் கல்லூரிக்குக் கொடுத்துவிட வேண்டும், படிக்கிற பிள்ளைகள் அதைப் பார்த்துப் பாடம் கற்றுக்கொள்ளட்டும் என்று அவள் எப்போதோ எழுதிக் கொடுத்திருந்தாள். இது தெருவுக்கே தெரியும். மருந்துக் கடைக்காரருக்குத் தெரியும். மாடி வீட்டு மருமகளுக்குத் தெரியும். அம்மாவின் சிநேகிதி லாண்டிரி அத்தை அன்று துணைக்கே போய்விட்டு வந்திருக்கிறாள். பெற்ற மகளுக்கு மட்டும், வண்டி வாசலில் வந்து நின்ற பிறகுதான் தெரிந்தது. வயிறு எரியுமா எரியாதா?

"அம்மாவோட ஆசைம்மா அது," என்று ஆரம்பித்தார் மருந்துக் கடைக்காரர். "அவங்க மனசு யாருக்கு வரும்? எனக்கு உடம்புக்கு முடியாம கிடந்தப்போ, வேலை முடிஞ்சு வந்து என் கடையில நின்னு வியாபாரம் பார்த்தாங்க. இந்தக் கடைசி ஆசையையும் நாம..."

"உங்கம்மாவைக் குடுப்பீங்களா?"

அவர் பின்னால் நகர்ந்துகொண்டார். அறை முழுக்க ஆட்கள். ஆளுக்கொரு கதை வைத்திருந்தார்கள். காலையிலிருந்து அந்தக் கதைகளைக் கேட்டுக் கேட்டு மகளுக்குக் காது புளித்துவிட்டது. அவர்களுக்கென்ன, வாங்கியவர்கள். எந்த வீட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தாள் என்று ஒருத்தராவது யோசித்திருப்பார்களா?

ஓட்டலின் லாண்டிரியில் விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிற வேலை அம்மாவுக்கு. நீராவியிலேயே நின்று நின்று முகம் எப்போதும் சிவந்திருக்கும். வீட்டுக்கு வந்தால் ஓய்வெடுப்பாள் என்றா நினைக்கிறீர்கள்? வழியில் யாராவது கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றால் போதும், கூடவே கூட்டிக்கொண்டு வந்துவிடுவாள். புருஷனோடு சண்டை போட்டுக்கொண்டு வந்த ஒருத்தி மாதக் கணக்கில் மகளின் கட்டிலில் படுத்திருந்தாள். மகள் அடுப்படியில் பாய் விரித்துப் படித்தாள், பரீட்சையும் எழுதினாள். பள்ளிக்கூடத்துக்கு வாங்கிய புதுச் செருப்பு, ஒரு வாரத்தில் பக்கத்து பெஞ்சுக்காரியின் காலில் இருந்தது. பிறகு சம்பாதிக்க ஆரம்பித்து மகள் வாங்கிக் கொடுத்த குக்கர், மேஜை விசிறி, கம்பளி எல்லாம் வந்த வேகத்திலேயே வெளியே போயின. ஒவ்வொரு முறையும் அவள் ஆடித் தீர்ப்பாள். அம்மா சிரித்துக்கொண்டே கேட்பாள்:

"உனக்கென்னடி? உனக்கு நான் இருக்கேன்ல?"

அதைக் கேட்டதும் மகள் அடங்கிவிடுவாள். சரிதான், எல்லாம் போகட்டும், அம்மா நமக்குத்தானே என்று தேற்றிக்கொள்வாள். இப்போது பார்த்தால் அதையும் தூக்கிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். போய்ப் பார்க்க ஒரு பிடி மண்கூட மிஞ்சப் போவதில்லை.

லாண்டிரி அத்தை அவள் கையைப் பிடித்து அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போனாள். அத்தையும் அம்மாவும் ஒரே இஸ்திரி மேஜையின் இரு பக்கத்தில் நின்றே கிழவிகளானவர்கள். அத்தைக்கு அழுது அழுது குரல் கட்டியிருந்தது.

"நீ வேணாம்னு சொன்னா வேணாம் பாப்பா. நானே பேசி அனுப்பிடறேன். உன்னைவிட யாருக்கு உரிமை இருக்கு?"

"எனக்கு ஏன் அத்தை சொல்லல?"

"சொன்னா நீ விடுவியா?"

மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு குழாயடிக்குப் போனாள்.

"ஒண்ணே ஒண்ணு சொல்றேன், அப்புறம் உன் இஷ்டம். கொஞ்ச நாளா அவளுக்கு இதே பேச்சுதான். 'ஏண்டி, என்னை எடுத்துக்குவாங்கல்ல? வயசாயிடுச்சுன்னு தள்ளிட மாட்டாங்கல்ல?'ன்னு கேட்டுக்கிட்டே இருப்பா. பொண்ணு பார்க்க வர்றாங்கன்னப்பகூட அவ இப்படி பயந்திருக்க மாட்டா. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. 'உன்னை வேணாம்னு சொல்ல எவன் பொறந்திருக்கான்?'னு கேட்டேன்."

மகள் குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினாள். துடைக்காமலே வெளியே வந்தாள்.

"எடுத்துட்டுப் போங்க," என்றாள். "எனக்கென்ன வந்தது? அவ இஷ்டம்னு ஒண்ணு இருந்தா அதுல நான் என்னிக்கு இருந்திருக்கேன்? கொண்டு போங்க."

ஆட்கள் நிம்மதியாக மூச்சு விட்டார்கள். உதவியாளர் கையுறை மாட்டிக்கொண்டு போர்வையை விலக்கினார். முகம், கழுத்து, வயிறு, கால் என்று பார்த்துக்கொண்டே வந்தார். பிறகு ஓட்டுநரும் அவருமாக அம்மாவை மெல்ல ஒருக்களித்துத் திருப்பினார்கள். உதவியாளரின் கை அப்படியே நின்றது. குனிந்து பார்த்தார். ஓட்டுநரையும் பார்க்கச் சொன்னார். இருவரும் அம்மாவை மறுபடி மல்லாக்கப் படுக்க வைத்தார்கள்.

"எடுக்க முடியாதுங்கம்மா," என்றார் உதவியாளர்.

அந்தக் குரல் மகளுக்குத் தெரிந்த குரல். ஜவுளிக் கடையில், மாற்றிக் கேட்டு வருகிற துணிகளை வாங்கிப் பார்க்கிற கவுண்டர் அவளுடையது. கறை இருந்தால் அவளும் இதே குரலில்தான் சொல்வாள்.

"ஏன்?"

"படுக்கைப்புண் ரொம்ப ஆழமா போயிருக்கு. சீழ் வெச்சிருக்கு. இப்படி இருந்தா வைக்க முடியாது, கெட்டுடும். கல்லூரியில எடுத்துக்க மாட்டாங்க. நீங்க காத்து மெத்தை போடலையா?"

"போடாம? நான்தான் வாங்கிட்டு வந்து குடுத்தேன்! கரண்ட்ல ஓடுற மெத்தை. நல்லதா பார்த்து..."

விரிப்பின் ஓரத்தைச் சுருட்டிப் பார்த்தாள். அமுங்கிப்போன பழைய பஞ்சு மெத்தைதான் இருந்தது. அப்போதுதான் மாடியில் ஒரு சின்ன மோட்டார் விட்டு விட்டு உறுமுவது எல்லோர் காதிலும் விழுந்தது.

மாடி வீட்டு மருமகள் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

"நான் வேணாம்னுதான் சொன்னேன்க்கா. அம்மாதான் கேக்கல. 'உன் மாமனாருக்கு அசையவே முடியாது, எனக்குத் திரும்பிப் படுக்க முடியுதே'ன்னு ஆளை விட்டு மெத்தையை மேல அனுப்பிட்டாங்க..."

"நான் ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் வந்தேனே," என்றாள் மகள். யாரிடம் சொல்கிறாள் என்று தெரியவில்லை. "நாற்காலியில உக்காந்து என்கூடப் பேசிக்கிட்டிருந்தாளே."

"நீ வர்ற அன்னிக்கு மட்டும் உக்காருவா," என்றாள் அத்தை. "போனப்புறம் நான்தான் தூக்கிப் படுக்க வெப்பேன். மருந்து வெச்சவளே நான்தான் பாப்பா. உன்கிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா. இதுக்காக வேணாம்னுடுவாங்கன்னு எனக்குத் தெரியாதே..."

உதவியாளர் கையுறைகளைக் கழற்றிவிட்டு ஸ்ட்ரெச்சரை மடக்கினார். மகள் அவர்களுக்கு முன்னால் ஓடிப்போய் வாசலில் நின்றுகொண்டாள். சற்று முன் கட்டிலை மறைத்து நின்ற அதே ஆங்காரம்.

"எங்கம்மாவுக்கு என்ன குறைச்சல்?"

"குறைன்னு சொல்லலம்மா..."

"முதுகுல மட்டும்தானே சார்? மத்த இடமெல்லாம் பாருங்க. கையைப் பாருங்க. ஆயுசு பூரா இஸ்திரிப் பெட்டி பிடிச்ச கை. எலும்பெல்லாம் கெட்டியா இருக்கும். இருதயத்துக்கு ஒரு கேடும் இருக்காது சார். அதையாவது பார்த்துப் படிக்கட்டும் உங்க பசங்க. எடுத்துட்டுப் போங்க சார். அவ கேட்டுக்கிட்டே இருந்தாளாம்."

"உள்ள போங்கம்மா," என்றார் உதவியாளர் தணிவாக. "எங்க கையில ஒண்ணும் இல்ல."

வண்டிக் கதவு சாத்தப்பட்டது. அவள் அதன் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்தபடியே நாலடி நடந்தாள். வண்டி தெருமுனையில் திரும்பியது.

அப்புறம்தான் எல்லோருக்கும் உறைத்தது, இனி என்ன செய்வது என்று. இடுகாட்டில் சொல்லவில்லை, ஆளுக்குச் சொல்லவில்லை, வண்டிக்குச் சொல்லவில்லை. மருந்துக் கடைக்காரர் கடையைத் திறக்க நேரமாகிவிட்டதாகச் சொன்னார். இன்னொருவருக்கு வேலையிடத்திலிருந்து போன் வந்தது. குழந்தையைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டி வர வேண்டிய ஒருத்தி, செருப்பைத் தேடிக்கொண்டே, "எது வேணும்னாலும் கூச்சப்படாம கேளும்மா," என்றாள். அறை அப்படியே காலியாகிப்போனது. மாடி வீட்டு மருமகள் படியேறினாள். பாவம், அவள்தான் என்ன செய்வாள்? மேலே இருக்கிறவர் உயிரோடு இருக்கிறாரே.

அத்தை வாசலில் நின்று போனில் யார் யாரையோ கெஞ்சி ஏற்பாடு செய்துவிட்டு உள்ளே வந்தாள்.

"சாயங்காலம் வந்து எடுத்துக்கறாங்களாம்."

மகள் சீப்போடு கட்டிலின் தலைமாட்டில் ஏறி உட்கார்ந்து, அம்மாவின் தலையை மடியில் எடுத்து வைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் பார்த்த தலை, நெற்றிக்கு மேல் படிய வாரிய தலை. பின்னால் கை வைத்தபோது, எத்தனையோ நாள் படுக்கையில் உரசி உரசி முடியெல்லாம் ஒரே கட்டியாகச் சிக்குப் பிடித்திருந்தது.

"கத்தரிக்கோல் எடுத்துட்டு வரட்டுமா?" என்றாள் அத்தை. "சிக்கை வெட்டிட்டா சுலபம்."

"வேணாம்."

"சரி, சீப்பைக் குடு. ஆளுக்குப் பாதியா..."

"வேணாம் அத்தை. நான் பார்த்துக்கறேன்."

அத்தை அடுப்படிக்குப் போனாள். மகள் ஒரு சிறு கற்றையைப் பிரித்தெடுத்தாள். சுண்டி இழுத்தால் வலிக்குமே என்று வேர்ப்பக்கத்தை ஒரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, நுனியிலிருந்து மெல்லச் சிக்கெடுக்க ஆரம்பித்தாள்.